கரிச்சான் யாருடைய பெயர்

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு கேமிங் சென்டரில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அன்று அந்தத் தெருப் பக்கமே வராதவர்கள்.

அத்தை இருந்தார். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, ஒரு கரும்புள்ளி இல்லாமல் ஓய்வு பெற்றவர்; சரியான தராசில் அவர் அடிக்கும் முத்திரையை வைத்து, கடைத்தெருவில் அவருக்கு ‘ஈய முத்திரை’ என்று பட்டப்பெயர். அவருக்கு இடப்பக்கம் தம்பி. பல்செட் செய்கிறவர், எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் பிளாஸ்டர் மாவு போகாமல் வந்திருந்தார். வலப்பக்கம் தம்பியின் ஒரே மகள், பதினாறு வயது. அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், வரவில்லை. எதிரே, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் பையன். அவனுக்குப் பின்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, அவன் அம்மா. அவனுடைய டீமில் மீதி மூன்று பேர்: இரட்டையர் இருவர், எப்போதும் சுவரை ஒட்டியே நிற்பதால் பல்லி என்று பெயர் வாங்கிய ஒருவன். கழுத்தில் ஹெட்செட்டைத் தொங்கவிட்ட சென்டர் முதலாளி. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் இருபத்தாறு பேர். அத்தை எண்ணியிருந்தார். சாட்சிகளை எண்ணாமல் அவர் எந்தக் கடையிலும் வேலையை ஆரம்பித்ததில்லை.

இத்தனை பேரும் கூடியிருந்தது ஒரு மன்னிப்பைப் பார்க்க. எவருக்கும் தலை குனியாத ஈய முத்திரை, தன் வீட்டுப் பெண் சொன்ன பொய்க்காக ஒரு பதினாறு வயதுப் பையனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று மூன்று நாளாகப் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவன் கேப்டன். பரவட்டும் என்று விட்டவர் அத்தை.

விஷயம் ஒரு கீபோர்டில் ஆரம்பித்தது.

தம்பியின் வேலை அறை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் அலமாரி. அலமாரி நெடுகப் பற்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல், கடைவாய்ப் பல் என்று ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அங்கே மாவில் அச்சாக நிற்கும். நீண்ட மேசையின் கடைசியில் கம்ப்யூட்டர். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு நாள் அப்பா கலக்கி வைத்த பிளாஸ்டர் கிண்ணம் கவிழ்ந்து கீபோர்டின் இடது பாதி முழுக்க ஓடியது. துடைப்பதற்குள் இறுகிவிட்டது. பல் செதுக்கும் கத்தியால் தம்பி குடைந்து பார்த்தார். எழுத்துக் கட்டைகள்தான் பெயர்ந்து வந்தன. “புதுசு வாங்கித் தர்றேன் கண்ணு” என்றார். அவர் சொன்ன சொல்லை மறக்கிறவர் இல்லை, தள்ளிப் போடுகிறவர். மூன்று வருடமாகத் தள்ளிப் போட்டார்.

பெண் காத்திருக்கவில்லை. விளையாட்டில் மற்றவர்களெல்லாம் இடது கையால் நடந்து, வலது கையில் மவுஸ் பிடித்துச் சுடுவார்கள். அவள் தலைகீழாக்கினாள். வலது ஓரத்து அம்புக்குறிக் கட்டைகளில் நடை, இடது கையில் மவுஸ், சுடுவதற்கு மவுஸின் வலது பொத்தான், உட்காருவதற்கு இடது பொத்தான். ஆறு மாதம் தட்டுத் தடுமாறினாள். ஏழாவது மாதத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. எதிராளி ஒரு பக்கம் எதிர்பார்த்தால் இவள் மறு பக்கத்திலிருந்து வருவாள்.

அந்த விளையாட்டில் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கரிச்சான். வேலை அறை ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்காரும். கையளவுகூட இல்லாத அந்தக் கறுப்புக் குருவி பருந்தின் முதுகில் ஏறிக் கொத்தி விரட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஆறாவதாகப் பின்னால் நடப்பாள். ஒரு கூட்டத்தில் சேர வேண்டுமென்றால் என்னவாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்து பார்த்தாலும் அது இரவல் சட்டைபோல இருந்தது. ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து அந்த உடைந்த கீபோர்டின் முன் உட்கார்ந்தால், “டேய் கரிச்சான், வந்துட்டியா! உனக்குத்தான்டா வெயிட்டிங்” என்று நாலு குரல் கேட்கும். அந்த ‘டேய்’க்காக அவள் பள்ளியிலிருந்து ஓடியே வருவாள்.

அவர்கள் அவளைப் பையன் என்று நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. திருத்த வழியும் இல்லை. அவள் மைக்கைத் திறந்ததே இல்லை. “ம்”, “சரி”, “பின்னால் வா” என்று போனில் தட்டி அனுப்பும் எழுத்தில்தான் பதில். அதற்குக் காரணம் அத்தை. “விளையாடணும்னா விளையாடு. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு குரல் கண்ட கண்ட பசங்க காதுல விழக் கூடாது. இது என் கண்டிஷன்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். குடும்ப மானத்துக்குத் தாம் போட்ட வேலி என்று அதை நினைத்திருந்தார்.

மூன்றாம் வருடம் கரிச்சான் ஊரிலேயே முதல் ரேங்க். நகரப் போட்டிக்கு நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பெண் தலையை நன்றாக வாரிக்கொண்டு சென்டருக்குப் போய், நான்கு பேர் முன்னால் நின்று, “நான்தான் கரிச்சான்” என்றாள்.

முதலில் சிரித்தார்கள். “உன் அண்ணன் எங்க?” என்றான் கேப்டன்.

“எனக்கு அண்ணன் இல்ல.”

“அப்போ தம்பியா?”

“நான்தான்.”

“எங்க, ஒரு தடவை ‘பின்னால் வா’ன்னு சொல்லு பார்ப்போம்.”

வாய் வரவில்லை. மூன்று வருடம் பூட்டியிருந்த வாய். அதைப் பார்த்து கேப்டனுக்கு ஒரு யோசனை வந்தது.

டீமில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது இணைப்பு அறுந்தால் மாற்று ஆள் உட்கார வேண்டுமே என்று எல்லோருடைய பாஸ்வேர்டும் கேப்டனிடம் இருக்கும். அன்று மாலையே அவன் கரிச்சானின் பாஸ்வேர்டை மாற்றினான். சென்டரின் குழுவில், “உண்மையைச் சொல்லிடறேன். கரிச்சான் என்னோட ரெண்டாவது அக்கவுண்ட். ஒரு பொண்ணு வந்து அது தன்னோடதுன்னு சொல்லுது. பாவம், யாரும் திட்டாதீங்க, மனசு சரியில்ல போல” என்று எழுதினான். திட்டுவதைவிட அந்தப் ‘பாவம்’தான் பரவியது. கோழிக்குக் கரிச்சான் வாலை ஒட்டி எவனோ ஒரு படம் செய்தான். திங்கட்கிழமை அவள் வகுப்பில் நுழைந்தபோது கடைசி பெஞ்சில் யாரோ கொக்கரித்தார்கள்.

மாடியில் குடியிருக்கும் அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், தினமும் நாலு மணிக்குக் கீழேயிருந்து கேட்கும் கட்டைகளின் சத்தம் நின்றுபோனது. எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாவது நாள் இறங்கி வந்தார். பெண் ஜன்னலில் அட்டையை ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது? வெளிச்சம் கண்ணைக் குத்துதா?”

“அந்தக் குருவியைப் பார்க்கப் பிடிக்கல.”

“அது உன்னை என்ன பண்ணுச்சு?”

பெண் அட்டையின் கடைசி மூலையை ஒட்டினாள். தம்பி அரத்தால் ஒரு கீழ்வரிசையைத் தேய்த்துக்கொண்டே, “விளையாட்டுல ஏதோ சண்டையாம்க்கா. விடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார்.

“உன்னை நான் கேக்கல. நீ பல்லைப் பாரு.” அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லு.”

“என் பேரை எடுத்துட்டாங்க அத்தை.”

“உன் பேரை யாரு எடுக்க முடியும்? உன் பேரு எல்லாச் சான்றிதழ்லயும் இருக்கு.”

“அது நீங்க வச்ச பேரு. இது நான் சம்பாதிச்சது.”

அத்தை நிமிர்ந்தே உட்காருகிறவர். அந்த வார்த்தைக்கு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தார். தன் பெயரைத் தானே சம்பாதித்தவர் அவர். ஒரு தடவை ஒரு மண்டிக்காரர் அவர் நேர்மையைப் பற்றி இல்லாததைச் சொன்னபோது, அந்த மண்டியின் பதினேழு தராசுகளையும் ஒரே நாளில் சோதித்து, பதினாறுக்குப் பூட்டுப் போட்டவர். பதினேழாவது சரியாக இருந்தது. அதை ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுத்தவர்.

பெண் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அத்தை கேட்டார்: “மூணு வருஷத்துல ஒரு தடவை மைக்குல பேசியிருந்தா இவன் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா? ஏன் பேசல?”

“நீங்கதானே பேசக் கூடாதுன்னீங்க.”

அரம் நின்றது. அத்தை அலமாரிப் பற்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். தராசில் கல் குறைந்தால் கடைக்காரனைப் பிடிக்கலாம். ஆய்வாளர் போட்ட முத்திரையே தப்பென்றால் யாரைப் பிடிப்பது? தாம் போட்ட வேலியில் திருடன் ஏறி வந்திருக்கிறான். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் அப்படியெல்லாம் சொல்வது வழக்கம் இல்லை. ஆனால் அவனை விடக் கூடாது என்று அந்த முக்காலியில்தான் முடிவு செய்தார்.

“நீ ஆடு. நான் பார்க்கணும்.”

“எதுல ஆடறது? அக்கவுண்ட்தான் அவன்கிட்ட இருக்கே.”

“வேற ஏதாவது பேருல ஆடு. கையைப் பார்க்கணும் எனக்கு.”

அவள் வேறு பெயரில் நுழைந்து, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் பழக்கத்துக்கு மாற்றிக்கொண்டு ஆடினாள். அத்தைக்குத் திரையில் நடப்பது ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை புரிந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பதுதான் அவர் தொழில்.

“மவுஸ் ஏன் அந்தப் பக்கம்? சோத்துக்கை அந்தக் கைதானா உனக்கு?”

பெண் பிளாஸ்டர் கதையைச் சொன்னாள். தம்பி அரத்தை இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

“இந்த மாத்தமெல்லாம் எங்க இருக்கும்? இந்த மெஷினுக்குள்ளயா?”

“இல்ல, அக்கவுண்டுக்குள்ள. எந்த மெஷின்ல திறந்தாலும் கூடவே வரும்.”

“அப்போ அவன் தனக்குத் தகுந்த மாதிரி மாத்தியிருப்பான்.”

பெண் முதல் தடவையாக அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். போனில் கரிச்சானின் பக்கத்தைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம் அது. கடைசியாக ஆடிய நாள் என்று இருந்த இடத்தில், அவள் சென்டருக்குப் போவதற்கு முந்தின நாள் இருந்தது.

“அவன் ஆடவே இல்ல அத்தை. ஆடித் தோத்தா ரேங்க் இறங்கிடும். சும்மா பேரை மட்டும் சட்டை மாதிரி போட்டுக்கிட்டுத் திரியறான்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த மாதிரித் தராசு நான் பார்த்திருக்கேன். பித்தளையில பளபளன்னு முன்னாடி வச்சிருப்பான். அதுல ஒண்ணையும் நிறுக்க மாட்டான்.”

அவருடைய வேலைமுறை கடைத்தெருவுக்கே தெரியும். கடைக்குள் நுழைந்ததும் தராசைத் தொடமாட்டார். கடைக்காரரையே ஒரு பொட்டலத்தை எடுத்து, இது எவ்வளவு என்று சொல்ல வைப்பார். “ஒரு கிலோம்மா.” “சரியா ஒரு கிலோவா?” “சத்தியமா ஒரு கிலோ.” வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் அது விழுந்த பிறகு, அந்தக் கடைக்காரரின் தராசில், அவர் கையாலேயே நிறுக்கச் சொல்வார். முதலில் வாய், பிறகு கை. அவசரப்பட்டுத் தாமே தராசைத் தொட்ட ஆய்வாளர்கள், “நீங்கதான் தட்டை அழுத்துனீங்க” என்ற பேச்சை வாங்கியிருக்கிறார்கள்.

“நாம மன்னிப்புக் கேக்கப் போறோம்” என்றார் அத்தை.

“நீங்களுமா?” பெண் எழுந்துவிட்டாள். “நீங்களுமா நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்க?”

“உக்காரு. முழுசாக் கேளு. கேட்ட பிறகு வேண்டாம்னா வேண்டாம். இது உன் பேரு.”

முழுதாகக் கேட்டாள். கேட்கக் கேட்க, ஒன்பது நாளாகச் செத்துக் கிடந்த அந்த முகத்தில் ரத்தம் ஏறியது. “அவன் எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும் அத்தை” என்றாள்.

“அதுக்குத்தான்டி இவ்வளவு பேசறேன்.”

தம்பி மட்டும், “அக்கா, சின்னப் பசங்க விஷயம்…” என்று இழுத்தார்.

“சின்னப் பசங்கதான். அதான் நான் சின்னதாப் பண்றேன்.”

புதன்கிழமை அத்தை இஸ்திரி போட்ட உடையில் சென்டருக்குப் போனார். முப்பது திரைகள் மினுங்கும் நீள அறை. கேப்டன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்தான். காலை எடுக்கவில்லை. அத்தை நின்றுகொண்டே பேசினார்.

“தம்பி, எங்க பொண்ணு ஏதோ ஆசையில உளறிட்டா போல. நாங்க மன்னிப்புக் கேட்டுக்கறோம்.”

“இப்ப வந்து தனியா கேட்டா எப்படிப் பாட்டிம்மா? அவ எல்லார் முன்னாடியும் சொன்னா. எல்லார் முன்னாடியும் கேக்கணும்.”

தாம் கேட்க நினைத்ததை அவனே கேட்டதில் அத்தைக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். “சரிப்பா. சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிடு. உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வா. எங்களுக்கு ஒரே ஒரு உதவி. கரிச்சான் எப்படி ஆடுவான்னு அவ கண்ணால ஒரு தடவை பார்த்துட்டா அந்தப் பைத்தியம் தெளிஞ்சிடும். நீ கொஞ்சம் ஆடிக் காட்டணும்.”

அவன் கால் நாற்காலியிலிருந்து இறங்கியது. “அது… ரேங்க் ஆட்டம்லாம் சும்மா ஆட முடியாது.”

“பயிற்சிக் களத்துல ஓடிக் குறியெல்லாம் சுட்டுக் காட்டேன்டா” என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து. “அதுல ரேங்க் போகாதே. கரிச்சானோட நாப்பத்தொரு செகண்டை நான்கூட நேர்ல பார்த்ததில்ல.”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டனால் பின்வாங்க முடியவில்லை. “ஓ, அவ்வளவுதானே” என்றான்.

அந்த மூன்று நாளும் பெண் மணிக்கு ஒரு தடவை கரிச்சானின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பயிற்சி ஓட்டமும் செகண்டோடு எல்லோர் கண்ணிலும் படும் பக்கம் அது; அவன் அதைத் தொடவே இல்லை. தன் சொந்த அக்கவுண்டில்தான் விழுந்து விழுந்து பழகினான்; நாற்பத்தாறு செகண்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஐந்து செகண்ட் கூடினால், இன்றைக்குக் கை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் கணக்கு அது. எல்லோருடைய கையும் தன் கை மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

ஆக, சனிக்கிழமை நான்கு மணி.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் கேப்டனின் அம்மா. “எனக்கு ஆறு மணிக்கு வேலை இருக்கு.”

“ஆரம்பிச்சிடலாம்” என்றார் அத்தை. அறையின் நடுவில் வந்து நின்றார். “தம்பி, மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெளிவா ஆகணும். கரிச்சான் உன்னோடதுதானே?”

“என்னோடதுதான்.”

“முதல் நாள்லேர்ந்து?”

“முதல் நாள்லேர்ந்து.”

“நடுவுல யாரும் தொட்டதில்ல?”

“யாரும் தொட்டதில்ல.”

“அதுல எந்தக் கட்டை எதுக்குன்னு வச்சதெல்லாம்?”

“எல்லாம் நான் வச்சதுதான் பாட்டிம்மா. மூணு வருஷமா ஒண்ணையும் மாத்தல. மாத்தினா கைப்பழக்கம் போயிடும்” என்றான், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து.

“எல்லாருக்கும் கேட்டுச்சா?” என்றார் அத்தை. இருபத்தாறு பேரும் கேட்டது என்றார்கள். “அப்போ உக்காருப்பா. உன் அக்கவுண்ட், உன் கை. ஆடு.”

முதலாளி பெரிய திரையை இணைத்தார். கேப்டன் பாஸ்வேர்டைத் தட்டினான். கரிச்சானின் பெயரும் தங்கப் பட்டையும் திரையில் வந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். களம் திறந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. கேப்டன் வழக்கம்போல இடது கையால் ஓடும் கட்டையை அழுத்தினான்.

திரையில் வீரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

மறுபடி அழுத்தினான். அசையவில்லை. முதல் குறி எதிரே எழுந்தது. அவசரமாக மவுஸை அழுத்தினான். வீரன் உட்கார்ந்தான். விட்டதும் எழுந்தான். அழுத்த அழுத்த உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.

“டேய், தோப்புக்கரணம் போடறான்டா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அறை வெடித்தது. இரட்டையரில் ஒருவன்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“மெஷின் சரியில்ல!” என்றான் கேப்டன். பக்கத்து மெஷினுக்கு மாறினான். அங்கேயும் வீரன் தோப்புக்கரணம் போட்டான். “யாரோ செட்டிங்ஸை மாத்தியிருக்காங்க.”

“சாவி உன்கிட்ட. யாரும் தொட்டதில்லன்னு இப்பதான் சொன்னே. யாரு மாத்தியிருப்பா?” அத்தை குரலை உயர்த்தவே இல்லை. “ஐயா, அதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க.”

முதலாளி குனிந்து பட்டியலைத் திறந்தார். உரக்கப் படித்தார். நடை, அம்புக்குறிகள். சுடுவது, வலது பொத்தான். உட்காருவது, இடது பொத்தான். கீபோர்டின் இடது பாதியில் ஒரு கட்டைக்கும் வேலை இல்லை. கடைசியாக மாற்றிய தேதி, இரண்டரை வருடத்துக்கு முன்னால். படித்துவிட்டு நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தார். “இது இடது கை ஆட்டம்டா. உன்னை மூணு வருஷமா இந்த நாற்காலியில பார்க்கறேன். நீ இடது கையால மவுஸைத் தொட்டதே இல்லையே.”

சிரிப்பு நின்றது. அத்தை மருமகளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பெண் போய் உட்கார்ந்தாள். மவுஸை எடுத்து இடது பக்கம் வைத்தாள். கீபோர்டைத் தள்ளி நேராக்கினாள். அந்தச் சின்ன அசைவிலேயே பல்லி சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்துவிட்டான். வீரன் ஓடினான், சுவரேறினான், எதிர்பாராத பக்கமிருந்து வந்து ஒவ்வொரு குறியையும் வீழ்த்தினான். நாற்பத்து நான்கு செகண்ட். மவுஸ் பழகாதது. யாரும் குறை சொல்லவில்லை.

“இன்னொரு தடவை” என்றாள் அவளாகவே.

நாற்பது.

இரட்டையரில் மூத்தவன் தன்னை மறந்து, “டேய் கரிச்சான்!” என்று கத்திவிட்டான். கத்திய பிறகு, “இல்ல… வந்து… நீங்க…” என்று குழறினான்.

அத்தை அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “மன்னிப்புன்னு சொல்லி எல்லாரையும் கூப்பிட்டோம். கேக்காமப் போனா நல்லா இருக்காது. தம்பி, மைக்கைப் போடு.”

கேப்டன் தரையைப் பார்த்து ஏதோ முனகினான்.

“காதுல விழல.”

“சாரி.”

“யாருக்கு, எதுக்கு?”

“கரிச்சான் அவதான். நான் எடுத்துட்டேன். சாரி.” அவன் குரல் உடைந்து எல்லா ஹெட்செட்டிலும் ஒலித்தது.

“குழுவுல எழுதினதை எடுத்துட்டு, இப்ப சொன்னதை அதே குழுவுல எழுது. ‘பாவம்’கிற வார்த்தையை மறக்காம எடுத்துடு.”

அவன் அம்மா எழுந்துவிட்டார். முதலில் இருந்த சாய்வு இப்போது இல்லை. “போதும்மா. சின்னப் பையன். இத்தனை பேர் முன்னாடி…”

“எங்க பொண்ணு இவனைவிட மூணு மாசம் சின்னவ” என்றார் அத்தை.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாசலில் நின்றார். அந்த முதுகைப் பார்த்தபோது அத்தைக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஒரு கணம்தான். அவன் எழுதி முடிக்கும்வரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பெண் புதிய பாஸ்வேர்டைத் தட்டும்போது மற்றவர்களைத் திரும்பச் சொன்னார், தாமும் திரும்பிக்கொண்டார்.

“டீம்ல இருப்பேதானே?” என்று பல்லி மெதுவாகக் கேட்டான். “நாங்க நம்பியிருக்கணும். நம்பல.”

“நம்பல. சிரிச்சீங்க” என்றாள் பெண். மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள். கொஞ்ச நேரம் குனியவிட்டாள். அதில் அவள் அத்தை ஜாடை. “இருக்கேன். டேய்னே கூப்பிடுங்க. ஆனா பதிவுத் தாள்ல கேப்டன்ங்கிற இடத்துல என் பேரு. அவன் பேரு எந்த இடத்துலயும் வேண்டாம். அஞ்சாவது ஆளை நானே தேடிக்கறேன்.”

கேப்டன் நிமிர்ந்து இரட்டையரைப் பார்த்தான். அவர்கள் கீபோர்டைப் பார்த்தார்கள். அவன் எழுந்து போனான்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: “பேரு திரும்பி வந்துடுச்சு. இன்னும் விளையாடணுமா?”

“இனிமேதான் அத்தை விளையாடணும்.”

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. மானம் மீண்டதோடு அந்தச் சென்டர் வாசலை மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இரண்டு தெரு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முகத்தைப் பார்க்காமல், “மைக்கைப் போட்டே பேசு. நல்லா உரக்கப் பேசு” என்றார். தம்பி அன்று மாலையே புதிய கீபோர்டு வாங்கி வந்தார். பெண் அதன் இடது பாதியில் ஒரு விரலைக்கூட வைப்பதில்லை.

நகரப் போட்டியில் அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். கேப்டன் இப்போது வேறு சென்டருக்குப் போகிறான். அங்கேயும் அவன் உட்காரும்போது யாராவது ஒருவன், எத்தனை தோப்புக்கரணம் என்று கேட்பதாகக் கேள்வி. அத்தை அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கடைசியாக ஒன்று. ஈய முத்திரை அன்று அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார் என்று கடைத்தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அறையவில்லை. அவன் மேல் அவர் விரல்கூடப் படவில்லை. ஆடச் சொன்னார், அவன் ஆடினான்.